சிறுசோற்றைச் சிதைத்தவர் யார்?

“அடுப்படிக்கு வராதே, போய்ப் படி!”

தமிழர் வீடுகளில் காலையும் மாலையும் ஓதப்பெறும் மறைமொழி இன்று இதுதான். தாய் ஓதுகிறாள், தந்தை வழிமொழிகிறார், பாட்டி மட்டும் வாய் திறவாதிருக்கிறாள், அவள் சொல்லுக்கு அவ்வீட்டில் மதிப்புப் போய்ப் பல்லாண்டாயிற்று. ஐந்து அகவைப் பிள்ளை அம்மாவின் முன்தானையைப் பற்றிக்கொண்டு, “நானும் மாவு பிசையட்டா?” என்று கேட்கிறது. அதன் கையில் ஒரு செல்பேசியைத் திணித்துக் கூடத்திற்கு விரட்டுகிறோம். பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்ததும், பிள்ளையை மகிழ்விக்க வேண்டுமென்று பேருந்தேறித் தேனிக்கோ மதுரைக்கோ போய், நுழைவுச்சீட்டுக்கும் தின்பண்டத்துக்குமாக ஒரு நாள் கூலியைக் கொட்டிவிட்டு, அழுது தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் திரும்புகிறோம். பிள்ளை வீட்டுக்குள் விலையில்லாமல் கேட்டதை மறுத்தோம். வெளியில் விலைக்கு விற்றதை வாங்கிக் கொடுத்தோம். இதற்குப் பெயர் பிள்ளை வளர்ப்பாம்!

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த இன்பத்தை யாரும் விற்றதில்லை. அவர்களே ஆக்கிக்கொண்டார்கள். அதன் பெயர் கூட்டாஞ்சோறு. ஆளுக்கொரு பிடி அரிசி, ஒருவன் வீட்டுப் பருப்பு, இன்னொருத்தி வீட்டுப் புளி, வேலியோரத்து முருங்கைக்கீரை, மூன்று கல், ஒரு பானை, இவ்வளவே. நெல்லைப் பக்கத்தில் அப்பெயரில் ஒரு சோறு பெரியவர்கள் அடுப்பிலும் ஏறிவிட்டது. ஆனால் அதன் பிறப்பிடம் பிள்ளைகளின் கூட்டு.

யாம் பிறந்தது மேற்குமலையின் அடிவாரத்துக் கோம்பை. வேட்டைநாயின் பெயரோடு சேர்த்தே உலகம் எம் ஊரை அறியும்; அது கிடக்கட்டும். 1978-ஆம் ஆண்டு, எமக்கு ஒன்பது அகவை. சோளம் அறுத்த கட்டாந்தரையில் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து அடுப்பு மூட்டினோம். எம்மில் மூத்தவளான ஒரு சிறுமி, பத்து அகவை இருக்கும், அகப்பையை யாருக்கும் தரமாட்டாள். சேரியிலிருந்து வந்த ஒருவன் துண்டின் முனையில் அரிசி முடிந்து கொண்டுவந்திருந்தான். பள்ளியில் எமக்குப் பக்கத்தில் இருப்பவன். அவனுடைய அரிசியையும் எங்கள் அரிசியோடு கலந்து உலையிலிட்டோம். கலக்கலாமா என்ற கேள்வியே எங்களுக்குத் தோன்றவில்லை. சோறு பொங்கி வரும் வேளையில் எமக்குச் சிற்றப்பன் முறையான ஒருவர் வரப்பு வழியே வந்தார். எங்களை எண்ணினார். அவனைப் பார்த்தார். “எவன் வீட்டு அரிசிடா இது?” என்றார். விடைக்குக் காத்திராமல் காலால் எற்றினார். பானை உடைந்தது. சோறு மண்ணில் கிடந்து ஆவி விட்டது. அவன் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் எழுவரும் நின்றோம். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதன்பின் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவன் எம் பக்கத்தில் அமர்ந்திருந்தான். விளையாட மட்டும் வரவில்லை.

தமிழ் படித்தவர்க்குச் சிற்றிலும் சிறுசோறும் புதியன அல்ல. மணலில் வீடு கட்டுவதும், மணலையே சோறாக அடுவதும் கழக நூல்கள் காட்டும் வண்டல் விளையாட்டின் கூறுகள். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் என ஒரு பருவமே வகுத்தார்கள். எம் பள்ளத்தாக்கின் தென்கிழக்கே மலைத்தொடருக்கு அப்பால் இருக்கும் திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுதும், சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமியர் கெஞ்சும் கெஞ்சல்தான். அங்கே சிதைப்பவனும் ஒரு சிறுவன், சிதைப்பதும் விளையாட்டு, மறுநாளே வீடு எழும்பிவிடும். பாவலர் எவரும் வளர்ந்த ஆளின் காலைப் பாடவில்லை.

அந்தக் கால் கோம்பையில் மட்டும் இருந்ததன்று. நெல்லைச் சீமையில் சேரன்மாதேவிக் குருகுலம் 1922-இல் தொடங்கப்பட்டது. தொடங்கிய வ.வே.சு. ஐயர் தமிழறிவில் குறைந்தவர் அல்லர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவருடைய குருகுலத்திலேயே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு படைத்தார்கள். தமிழ்நாட்டுப் பொதுப்பணம் பெற்று நடந்த இடத்தில் ஏன் இரு பந்தி என்று பெரியாரும் வரதராசுலுவும் கிளர்ந்தெழுந்தார்கள். 1925 வரை நாடே அதைப் பேசிற்று. நூறாண்டு ஆயிற்றே, தீர்ந்துவிட்டதா? 2018-ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டத்து அவிநாசி வட்டத்தில், ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்மணி ஒருவர் அரசுப் பள்ளியில் சமைக்கக் கூடாதென்று பெற்றோர் சிலர் மறித்தார்கள். அலுவலர்கள் மறித்தவர்களை விட்டுவிட்டுச் சமைக்க வந்தவரை இடமாற்றினார்கள்! எதிர்ப்பெழுந்த பின்பே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

1956-இல் காமராசர் பகலுணவு தந்தார்; 1982-இல் இராமச்சந்திரன் ஆட்சி அதைச் சத்துணவாக விரித்தது; 2022-இல் காலையுணவும் வந்தது. மூன்றும் பசியாற்றின, பந்தியை ஒன்றாக்கின, யாம் குறை கூறோம். ஆனால் பந்தி ஒன்றானதுபோல அடுப்பு ஒன்றாகவில்லை. பிறர் ஆக்கிவைத்த சோற்றுக்குமுன் உட்காரும் பிள்ளைக்கு “யார் ஆக்கியது?” என்று கேட்க வீட்டார் கற்பித்துவிட முடிகிறது. தன் பிடி அரிசியும் பக்கத்துப் பிள்ளையின் பிடி அரிசியும் ஒரே உலையில் வெந்ததைக் கண்ட பிள்ளையிடம் அதைக் கற்பித்துப் பாருங்கள்! எது எவனுடைய சோற்றுப் பருக்கை என்று அப்பிள்ளை திருப்பிக் கேட்கும். எங்கள் சிற்றப்பனுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் காலைத் தூக்கினார்.

இன்று பானையை எற்ற வேண்டிய தேவையே இல்லை. அடுப்பே மூட்டப்படுவதில்லை. அன்று குலச்செருக்கு செய்த வேலையை இன்று மதிப்பெண் வெறி கைநோகாமல் செய்கிறது.

இதில் போவது சோறு மட்டுமா? சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் பாடம் நடத்துகையில் “கொழித்தல் என்றால் என்ன?” என்று கேட்டேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒருத்தி “செல்வம் கொழித்தல்” என்றாள்; அகராதிப்படி தவறில்லை. மற்றவர்கள் வாளாவிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான். “சுளகைப் பக்கவாட்டில ஆட்டி நொய்யை ஒதுக்குறதுங்கய்யா. மேலே எறிஞ்சா அது புடைக்கிறது. தண்ணியில அலைசிக் கல்லைத் தங்கவிட்டா அரிக்கிறது” என்றான். சொன்னதோடு நில்லாமல், குறிப்பேட்டைச் சுளகாகப் பிடித்து ஆட்டியும் காட்டினான். வகுப்பே சிரித்தது. “பொம்பளப் பய” என்றொரு குரல். முப்பத்தெட்டுப் பேரில் தமிழறிந்தவன் அவன் ஒருவன். அவனே தலை கவிழ்ந்தான்!

பிறகு கேட்டறிந்தேன். அவன் தாய் விடியுமுன்னே வண்டியேறி மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். எம் ஊர்ப்பக்கத்துத் தாய்மார் பலர் அப்படித்தான் போகிறார்கள். அவன் சோறு வடித்துத் தங்கைக்கு ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிறான். வேறு வழியில்லாமல் கற்றது. அதை நாம் விளையாட்டாகக் கற்பித்திருந்தால் வகுப்பில் எவன் சிரித்திருப்பான்?

அன்று சிரித்த பிள்ளைகளை யாம் கடிந்துகொண்டோம். வீடு திரும்பும் வழியில்தான் எம் கடிதலின் தகுதி விளங்கிற்று. சில ஆண்டுகளுக்கு முன் எம் துணைவியார் பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தபோது, தமிழ் முதுகலை கற்ற யாம் உலைநீரில் அரிசியை எப்போது இடுவதென்று அறியாமல், மூன்று வேளையும் கடையில் பொட்டலம் வாங்கினோம். அகம் புறம் கற்பித்தவனுக்கு அடுப்பு மூட்டத் தெரியவில்லை.

மொழிஞாயிறு பாவாணர் இலை, தாள், தோகை, ஓலை என்று சொல் வகுத்துக் காட்டியதை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். சொல் எங்கே உயிரோடிருக்கிறது என்று அறிந்த பெருமகன்! அவர் வழியில் நின்று உங்கள் அடுக்களையை எண்ணிப் பாருங்கள். வறுத்தல் வேறு, வதக்கல் வேறு, பொரித்தல் வேறு, வாட்டல் வேறு, தாளித்தல் வேறு. அவித்தலும் வேகவைத்தலும் ஒன்றல்ல. கிண்டுதல், கிளறுதல், துழாவுதல், கடைதல், மசித்தல். குத்துதல், இடித்தல், திரித்தல், அரைத்தல். ஒவ்வொன்றும் கையின் ஒரு தனி அசைவு. அந்த அசைவு நின்றால் சொல் அகராதிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வறுத்ததற்கும் பொரித்ததற்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு நாக்கில் மட்டுமா வேறுபாடு அழிகிறது? தனித்தமிழ் இயக்கமே மேடையில் பிறந்ததன்று. மறைமலையடிகளும் அவர் மகளார் நீலாம்பிகையும் வள்ளலார் பாட்டில் இருந்த வடசொல் ஒன்றைப் பற்றி வீட்டில் உரையாடினார்கள். 1916-இல் அதிலிருந்து முளைத்தது. வீட்டில் பிள்ளையோடு பேசாதவன் மாநாட்டில் பேசி என்ன பயன்?

“பிள்ளைக்கு இதெல்லாம் பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள்” என்பார் உண்டு. தெருவுக்குத் தெரு மாண்டிசோரி பெயரில் பலகை தொங்குகிறது. அந்த அம்மையார் இத்தாலியர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் நடந்த ஆண்டுகளில் எம் வடகிழக்கே இருக்கும் கோடைக்கானல் மலையிலும் தங்கிப் பணியாற்றினார். அவர் முறையில் சின்னஞ்சிறு பிள்ளை குவளைக்குக் குவளை நீர் ஊற்றும், காய் அரியும், மேசை துடைக்கும். பொம்மைக் கத்தி தராதீர்; பிள்ளையின் கைக்கேற்ற உண்மைக் கருவி தருக என்பதே அவர் கொள்கை. நம் ஊர்களில் அவர் பெயரை மாட்டியவர்களுள் எத்தனைபேர் பிள்ளை கையில் ஓர் அவரைக்காயைக் கொடுத்து உரிக்கச் சொல்கிறார்கள்? நெகிழியால் செய்த அடுப்பும் நெகிழித் தக்காளியும் வாங்கி வைத்திருக்கிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள். நம் பாட்டிமார் கட்டணமில்லாமல் செய்ததை இத்தாலியிலிருந்து ஒருவர் வந்து சொன்ன பிறகும் நமக்கு விளங்கவில்லை.

ஆண்பிள்ளை அடுப்படிக்கு வரலாமா என்று இன்னும் கேட்பவர்க்கு ஒரு சொல். சிறுபாணாற்றுப்படை வீமனின் மடைநூலைக் குறிக்கிறது. திருமண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைப்பவர் யார்? ஆண்கள். கூலி வாங்கிக்கொண்டு சமைத்தால் ஆண்மைக்கு இழுக்கில்லை. பெற்ற பிள்ளைக்குச் சமைத்தால் மட்டும் மீசை உதிர்ந்துவிடுமோ? சப்பானில் ஐந்தாம் வகுப்பு முதல் ஆண் பெண் இருபாலாருக்கும் மனையியல் பாடம் உண்டு. சோறாக்கவும் சாறு காய்ச்சவும் அங்கே கற்கிறார்கள். பெண்பிள்ளையை மட்டும் அழைத்து, “வா கண்ணு, வெங்காயம் உரி” என்பதையும் யாம் ஒப்பமாட்டோம். அது விளையாட்டன்று, நாளைய ஊதியமில்லா வேலைக்கு இன்றே ஆள் பிடிப்பது. அண்ணனும் தம்பியும் தந்தையும் அதே தரையில் அமர்ந்து உரித்தால்தான் அது விளையாட்டு.

தீ சுடும் என்பதே மறுப்புகளுள் மெய்யானது. 2004 சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கூரையில் பற்றி 94 பிள்ளைகள் மாண்டதை எந்த ஆசிரியனும் மறவான். ஆயின் அத்தீயைப் பிள்ளைகளா மூட்டினார்கள்? ஓலைக்கூரையும், நெருக்கமும், வெளியேற வழியின்மையும், பெரியவர்களின் பொறுப்பின்மையுமே அவர்களைக் கொன்றன. எம் பள்ளத்தாக்கின் தென்கோடி மலையுச்சியில் கண்ணகி கோட்டம் நிற்கிறது. சித்திரை முழுநிலா நாளில் மக்கள் அங்கே ஏறுகிறார்கள். அந்தக் கண்ணகி மதுரையில் கோவலனுக்குக் கடைசியாகச் சமைத்தபோது, வைக்கோலிட்டுத் தீ மூட்டித் தந்தவள் மாதரியின் மகள் ஐயை. தீயை அறிந்த பிள்ளை தீயை மதிக்கும். அடுப்பையே கண்டிராத பிள்ளைதான் எரிவளி அடுப்பின் திருகைத் திருகிவிட்டு ஓடும்.

எனினும் தீயில்லாமலே தொடங்கலாம். மூன்று அகவைப் பிள்ளை முருங்கைக்கீரை உருவும்; மொச்சை உரிக்கும்; பாதி கீழே சிந்தும், சிந்தட்டும். அவலை நனைத்து வெல்லமும் தேங்காய்த்துருவலும் சேர்த்துப் பிசைய அடுப்பு வேண்டா. வறுத்த எள்ளை வெல்லத்தோடு இடித்துக் கொடுத்தால் உருண்டை பிடிக்கும். ஐந்து அகவையில் பிடிகொழுக்கட்டை. தன் ஐந்து விரலும் பதிந்த கொழுக்கட்டையை எம் பெயர்த்தி அரைநாள் யாருக்கும் தின்னக் கொடுக்காமல் வைத்திருந்தாள்! ஏழெட்டில் மழுங்கிய கத்தியால் வாழைப்பழமும் வெண்டைக்காயும் அரியலாம். பத்தில், பெரியவர் பக்கத்தில் நிற்க, அடுப்பு. பருத்தியாடையே உடுத்துக, கொதிக்கும் ஏனத்தைப் பிள்ளை தூக்க வேண்டா, சோறு வடிப்பது பெரியவர் வேலை.

படிப்புக் கெடுமென்று புலம்புவோர் ஓர் உழக்கை எடுத்துப் பிள்ளையிடம் கொடுக்கட்டும். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. கால், அரை, ஒன்று என்னும் பின்னக்கணக்கை யாம் கரும்பலகையில் மூன்று கிழமை எழுதியும் விளங்காத பிள்ளைக்கு அரிசி அளந்ததும் விளங்கியது. செலவா? பொது வழங்கல் கடையில் 2011 முதல் அரிசிக்கு விலையில்லை. கீரை வேலியில். புளியும் மிளகாயும் எவ்வீட்டிலும் உண்டு. பிள்ளைகளை ஒருமுறை கண்காட்சிக்குக் கூட்டிச்செல்லும் பணத்தில் ஓராண்டுக்குக் கூட்டாஞ்சோறு ஆக்கலாம்.

இரண்டு மணித்துளியில் ஆகிவிடும் என்று விற்கிறார்களே மாவுச்சுருள், அதன் முதற்குற்றம் அதிலுள்ள பொருள் அன்று. அந்த இரண்டு மணித்துளியே. பிள்ளை கேட்பது சோறு மட்டுமன்று, அது வேகும்வரை நம்மோடு உட்கார்ந்திருக்கும் பொழுது.

எம் வீட்டு முற்றத்தில் சென்ற சித்திரை முதல் ஒவ்வொரு திங்களும் கடைசி ஞாயிறு மூன்று கல் வைக்கிறோம். எத்தெருப் பிள்ளையும் வரலாம். ஒரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும். யார் கொண்டுவந்ததும் ஒரே பானையில் விழும். அதற்கு ஒப்பாதவர் தம் பிள்ளையை அனுப்ப வேண்டா என்று முன்னமே சொல்லிவிட்டோம். முதல் ஞாயிறு ஐவர் வந்தார்கள், இப்போது பத்தொன்பது. இருவர் வீட்டிலிருந்து வந்து பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப் போனதும் உண்டு. அவர்களுள் ஒரு பிள்ளை அடுத்த திங்கள் தானே வந்துவிட்டது. நறுக்குவதற்கும் கிண்டுவதற்கும் முறை வைத்திருக்கிறோம். உப்பை மட்டும் ஒருவரிடமே ஒப்படையுங்கள். முதல் முறை ஏழுபேர் போட்டு, அந்தச் சோற்றைக் கோம்பை நாயும் முகர்ந்துவிட்டு நகர்ந்தது. எங்கள் முற்றத்தில் இப்போது உப்புக்குப் பொறுப்பு அந்த எட்டாம் வகுப்புப் பையன்.